ஜோர்டானுக்கு எதற்கு வாரிசு?

என் அக்கா மகனுக்கு வயது பத்தொன்பது. மைக்கல் ஜோர்டான் கடைசியாக என்.பி.ஏ. ஆட்டமொன்றில் இறங்கியது 2003 ஏப்ரலில். அப்போது இவன் பிறக்கவே இல்லை. ஆகவே கூடைப்பந்து பற்றிப் பேச்சு வந்தால் இவனிடம் நான் தாத்தா தொனியில்தான் பேசுவேன். "நீ என்னாடா பார்த்த?" என்று தொடங்குவேன். போன மாதம் மாமாக் கடையில் அப்படித் தொடங்கியபோது மாட்டிக்கொண்டேன்.

"மாமா, லெப்ரோன் நாப்பதாயிரம் புள்ளிய தாண்டிட்டாரு. இன்னும் அவரு என்னாதான் செய்யணும்?"

"ஜோர்டான் ஆறு தடவ ஃபைனல் போனாரு. ஆறும் ஜெயிச்சாரு. ஆறுக்கு ஆறு. பேச்சு முடிஞ்சிச்சு."

"மோதிரம்தான் கணக்குன்னா பில் ரசல் பதினொன்னு வச்சிருக்காரே மாமா."

"டேய், அது அந்தக் காலம்."

"நீங்க சொல்றதும் அந்தக் காலம்தானே?"

சொல்லிவிட்டு ரொட்டி சானாயைப் பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டான். நக்கலாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

வீட்டுக்கு வந்து அவனுக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். புள்ளிவிவரங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, பொடியனை ஒரு வழி பண்ணிவிடலாம் என்ற வேகத்தில்தான் ஆரம்பித்தேன். இரண்டு இரவுகளில் அது என் வயதுக்காரர்களுக்கு எதிரான கட்டுரையாகத் திரும்பிவிட்டது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த ஆட்டக்காரர்களில் ஜோர்டானே பெரியவர். அதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. என் சண்டை, அவரைப் பெரியவர் என்று நிறுவ நாங்கள் தூக்கிக்கொண்டு வரும் வாதங்களோடு. அவை ஜோர்டானையே சிறுத்துப்போகச் செய்கின்றன. அவருக்குப் பின்னால் வந்தவர்களைப் பார்க்கவிடாமல் நம் கண்ணையும் கட்டிவிடுகின்றன.

எனக்கு ஜோர்டான் அறிமுகமானது பாசார் மாலாமில். சிவப்புச் சட்டை, முதுகில் 23. நெஞ்சில் இருந்த அணிப் பெயரில் ஓர் எழுத்து குறைவு. அது எனக்குத் தெரியவில்லை. தாமான் திடலில் ஆடிக்கொண்டிருந்த சீனப் பையன்கள்தான் காட்டிச் சிரித்தார்கள். எங்கள் வீட்டுப் பையன்கள் எல்லாம் பந்தை உதைத்துக்கொண்டிருந்த காலத்தில் நான் அந்தச் சீனப் பையன்களோடு கூடைப்பந்து ஆடப் போனதற்கு ஒரே காரணம் அந்தச் சட்டை. 1998 ஜூனில் யூட்டாவுக்கு எதிராக அவர் கடைசி பந்தை வீசிவிட்டு மணிக்கட்டை மடக்கியபடி அப்படியே நின்றாரே, அந்த நிற்றலை நான் கண்ணாடி முன்னால் எத்தனை முறை நின்று பார்த்திருப்பேன்! இதைச் சொல்வது, நான் வெளியாள் இல்லை என்று காட்டத்தான். குறை சொல்வது வீட்டுக்குள்ளிருந்து.

அந்த 'ஆறுக்கு ஆறு' கணக்கை இப்போது எடுத்துக்கொள்வோம்.

ஜோர்டான் என்.பி.ஏ.வில் ஆடியது 15 பருவங்கள். பட்டம் வென்றது ஆறில். மீதி ஒன்பது எங்கே போயின? முதல் மூன்று பருவங்களிலும் சிகாகோ புல்ஸ் பிளேஆஃப் முதல் சுற்றிலேயே வெளியேறியது. அந்த மூன்று ஆண்டுகளில் ஆடிய பத்து பிளேஆஃப் ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. அதற்கடுத்த மூன்று ஆண்டுகளும், 1988, 1989, 1990, டெட்ராய்ட் பிஸ்டன்ஸிடம் தோல்வி. ஓய்விலிருந்து திரும்பி வந்த 1995இல் ஓர்லாண்டோவிடம் தோல்வி. வாஷிங்டனுக்காக ஆடிய கடைசி இரண்டு பருவங்களில் அணி பிளேஆஃபையே எட்டவில்லை. ஆக ஒன்பது.

லெப்ரோன் ஜேம்ஸ் பத்து முறை இறுதித் தொடருக்குப் போனார். நான்கில் வென்றார், ஆறில் தோற்றார். உடனே நாங்கள் உதட்டைப் பிதுக்குவோம். எங்கள் நீதிமன்றத்தில் இறுதிக்கு வந்து தோற்றால் கறை. முதல் சுற்றிலேயே தோற்றால் அது வழக்காகவே பதிவாகாது. இந்தச் சட்டப்படி பார்த்தால், அந்த ஆறு ஆண்டுகளும் லெப்ரோன் முதல் சுற்றிலேயே தோற்று வீட்டுக்குப் போயிருக்கலாம். 'நாலுக்கு நாலு' என்று சுத்தமான கணக்கு கிடைத்திருக்கும். இப்படி ஒரு அபத்தத்தை இருபது வருடமாக முகம் கோணாமல் பேசி வந்திருக்கிறோம்.

அப்புறம் மோதிரம். என் அக்கா மகன் சொன்ன பில் ரசலை விடுங்கள். அவர் பாஸ்டனில் 13 பருவங்கள் ஆடி 11 பட்டம் வென்றவர், மலை மாதிரி ஆள். ராபர்ட் ஹோரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹியூஸ்டன், லாஸ் ஏஞ்சலிஸ், சான் அந்தோனியோ என்று மூன்று அணிகளில் ஏழு மோதிரம். ஜோர்டானைவிட ஒன்று அதிகம். ஹோரி ஜோர்டானைவிடப் பெரியவர் என்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். அப்படியானால் மோதிரம் எண்ணுவது எங்கள் அளவுகோலே கிடையாது. முடிவை முதலில் எடுத்துவிட்டோம், அதற்குத் தோதான எண்ணை அப்புறம் தேடினோம். அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய பொய், அவர் தனியாக ஜெயித்தார் என்பது.

1993 அக்டோபரில் ஜோர்டான் ஓய்வு பெற்றார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அவர் தந்தை கொல்லப்பட்டிருந்தார். அவர் பேஸ்பால் மட்டையைத் தூக்கிக்கொண்டு பர்மிங்ஹாமுக்குப் போனார். அவர் இல்லாத சிகாகோ அடுத்த பருவத்தில் எத்தனை ஆட்டங்களில் வென்றது? 55. அவர் இருந்த முந்தைய பருவத்தில் 57. வித்தியாசம் இரண்டு. அந்த 55க்குத் தலைமை தாங்கியவர் ஸ்காட்டி பிப்பன். 2010இல் லெப்ரோன் கிளீவ்லாண்டை விட்டுப் போனபோது அந்த அணி 61 வெற்றிகளிலிருந்து 19க்கு விழுந்தது. வேறு சிலரும் அணியை விட்டுப் போனார்கள், பயிற்றுநர் மாறினார், எல்லாம் சரி. ஆனாலும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களுக்கு மனம் வந்ததில்லை.

ஃபில் ஜாக்சன் பயிற்றுநராகி, டெக்ஸ் விண்டரின் முக்கோணத் தாக்குதல் முறையைக் கொண்டு வந்த பிறகுதான் பட்டங்கள் வந்தன. அந்த முறையின் சாரம் எளிமையானது. பந்து ஒருவரிடமே தங்கக் கூடாது. புள்ளி எடுப்பதில் ஏற்கெனவே முதலிடத்தில் இருந்த ஒருவரிடம் போய், நீ கொஞ்சம் குறைத்துக்கொள், காலியாக நிற்பவனுக்குக் கொடு என்று சொல்ல வேண்டியிருந்தது. ஜோர்டானுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஏற்றுக்கொண்டார். 1991 இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் லேக்கர்ஸ் அவரைச் சுற்றிவளைத்தபோது ஜான் பேக்ஸன் காலியாக நின்றார். பந்து அவரிடம் போனது, போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். 1993இல் பட்டத்தை உறுதி செய்த மூன்று புள்ளி வீச்சும் பேக்ஸனுடையது. 1997இல் பட்டத்தைத் தந்த வீச்சு ஸ்டீவ் கெர்ருடையது. பந்தைக் கொடுத்தவர் ஜோர்டான். நாங்கள் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பது 1998இன் படத்தை மட்டும்தான். மற்ற படங்களில் பந்து வேறொருவன் கையில் இருக்கிறது.

என்னைக் கேட்டால் அவருடைய பெருமை அங்கேதான் இருக்கிறது. பருவத்துக்குச் சராசரி 37.1 புள்ளி எடுத்த ஆள், அந்தச் சராசரியால் பட்டம் வராது என்று தெரிந்ததும் தன்னைக் கலைத்துத் திரும்ப எழுதிக்கொண்டார். முப்பத்து மூன்று வயதுக்கு மேல் பறக்க முடியாது என்று தெரிந்ததும் பின்பக்கம் சாய்ந்து வீசும் அந்த வீச்சைத் தன் முதல் ஆயுதமாக்கினார். 1988இல் புள்ளியில் முதலிடம், சிறந்த ஆட்டக்காரர் விருது, சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது மூன்றையும் ஒரே பருவத்தில் எடுத்தார். இதையெல்லாம் பேச ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். மோதிரம் எண்ண விரல் போதும்.

2020இல் பொதுநடமாட்டக் கட்டுப்பாடு சமயத்தில் எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தோம். அப்போது 'தி லாஸ்ட் டான்ஸ்' வந்தது. பத்துப் பகுதிகள். நானும் வாராவாரம் காத்திருந்து பார்த்தேன், இரண்டு இடங்களில் கண் கலங்கினேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. நம் ஊர் தன்முனைப்புப் பேச்சாளர்கள் ஜோர்டானைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொரு வாட்ஸ்அப் குழுவிலும் "பள்ளி அணியிலிருந்து துரத்தப்பட்ட சிறுவன்" கதை. அவர் துரத்தப்படவில்லை ஐயா. வில்மிங்டன் லேனி உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு மாணவன். உயரம் போதவில்லை. மூத்த அணிக்கு அவரைவிட நெட்டையான லெரோய் ஸ்மித்தை எடுத்தார்கள். இவரை இளையோர் அணியில் போட்டார்கள். அங்கே ஆடி, வளர்ந்து, அடுத்த ஆண்டு மேலே போனார். எந்தப் பள்ளியிலும் நடக்கிற சாதாரண விஷயம். ஆனால் ஜோர்டானே அதை அவமானமாக மாற்றி வைத்துக்கொண்டார். 2009இல் 'ஹால் ஆஃப் ஃபேம்' உரையில், முப்பது ஆண்டுகள் கழித்து, அந்த லெரோய் ஸ்மித்தை அரங்கத்துக்கு வரவழைத்து உட்கார வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொன்னார். அந்த உரையை நான் ரசித்துத்தான் பார்த்தேன். இப்போது பார்த்தால் கொஞ்சம் பாவமாக இருக்கிறது.

அந்த ஆவணப்படத்திலிருந்து எங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்ட பாடம், ஜெயிக்க வேண்டுமானால் கூட இருப்பவனைக் கடித்துக் குதற வேண்டும் என்பது. பயிற்சியில் ஸ்டீவ் கெர்ரின் முகத்தில் ஜோர்டான் குத்திய கதையை ஒருவர் 'தலைமைத்துவம்' என்ற தலைப்பில் பகிர்ந்திருந்தார். நல்ல வேளை, அவர் எனக்கு முதலாளி இல்லை. பிப்பனும் ஹொரேஸ் கிராண்டும் அந்தப் படத்தைப் பற்றிக் கோபமாகப் பேசியதை யாரும் பகிரவில்லை.

வெறி மட்டும் ஜெயிக்க வைக்கும் என்றால் ஒரு சின்னக் கேள்வி. ஜோர்டான் 2010 முதல் 2023 வரை சார்லட் அணியின் பெரும்பான்மை உரிமையாளராக இருந்தார். அதே மனிதர், அதே வெறி. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் அவருடைய அணி ஒரு பிளேஆஃப் தொடரைக்கூட வெல்லவில்லை. 2011–12 பருவத்தில் 7 வெற்றி, 59 தோல்வி. அதற்கு முன் வாஷிங்டன் நிர்வாகியாக இருந்து 2001இல் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த குவாமி பிரவுன் எந்த உயரத்தை எட்டினார் என்பதையும் தேடிப் பாருங்கள். ஜெயித்தது வெறி மட்டுமில்லை. அந்தக் கால்கள், அந்தக் கைகள், பிப்பன், ஜாக்சன், விண்டர், டெட்ராய்டிடம் வாங்கிய மூன்று வருட அடி. இவையெல்லாம் இல்லாத இடத்தில் அதே வெறி வெறும் கோபமாகத்தான் இருந்தது.

சரி, வாரிசுக்கு வருவோம். எனக்கு இதில்தான் சொந்தக் கணக்கு இருக்கிறது.

ஹெரால்ட் மைனர் என்ற பெயரை என் அக்கா மகன் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட வாய்ப்பும் இல்லை. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆடும்போதே அவருக்கு 'பேபி ஜோர்டான்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மொட்டைத் தலை, குதிக்கும் உயரம், காற்றில் கால் விரியும் விதம் எல்லாம் அச்சு அசல். 1992இல் மயாமி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1993இலும் 1995இலும் டங்க் போட்டியில் முதல் பரிசு. நான்கே பருவங்களில் என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்துவிட்டது. முழங்கால் ஒரு காரணம். ஆனால் அவர் செய்த ஒவ்வொன்றையும் இன்னொருவர் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார் என்று ஊரே சொல்லும்போது, ஒரு இருபத்தொரு வயதுப் பையன் தன் ஆட்டத்தை எங்கே போய்க் கண்டுபிடிப்பான்?

அவருக்குப் பிறகும் வரிசை நிற்கவில்லை. கிராண்ட் ஹில், பென்னி ஹார்டவே, ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸ், வின்ஸ் கார்ட்டர். வட கரோலினா பல்கலைக்கழகத்திலிருந்து வந்துவிட்டால் போதும், அடுத்த ஜோர்டான். கார்ட்டர் 22 பருவங்கள் ஆடினார், கடைசிக் காலத்தில் மாற்று ஆட்டக்காரராக, இளையவர்களுக்கு அண்ணனாக, சந்தோஷமாக ஆடினார். அதைப் பற்றி யாரும் கட்டுரை எழுதவில்லை. 'ஜோர்டான் ஆகாமல் போனவர்' என்று மட்டும் நிறைய எழுதினார்கள். அண்மையில் மினசோட்டாவின் அந்தோனி எட்வர்ட்ஸுக்கும் அதே பட்டயத்தை நீட்டினார்கள். அவர், வேண்டாம், என்னை அவரோடு ஒப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். புத்திசாலி.

என் கணக்கு இதுதான். என் முதல் சிறுகதை ஒரு பரிசளிப்பில் வாசிக்கப்பட்டபோது மேடையில் இருந்த மூத்தவர் ஒருவர், "நமக்கு இன்னொரு ஜெயகாந்தன் கிடைத்துவிட்டார்" என்றார். யார், எங்கே என்பதெல்லாம் வேண்டாம். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு வயது இருபத்து மூன்று. அதற்கடுத்த மூன்று வருடம் நான் ரிக்‌ஷாக்காரர்களைப் பற்றி எழுதினேன். நான் வளர்ந்த ஊரில் ரிக்‌ஷாவே கிடையாது! பாத்திரங்கள் எல்லாம் பக்கம் பக்கமாக வாதம் பண்ணினார்கள். நான் பார்த்த தாமான், சீனப் பையன்கள், பாசார் மாலாம் சட்டை ஒன்றும் என் கதைக்குள் வரவில்லை. அவற்றுக்கு முன்மாதிரி இல்லையே. நம் இலக்கிய மேடைகளில் இன்றும் 'அடுத்த' என்ற சொல் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஹெரால்ட் மைனர் ஞாபகம் வருகிறார்.

கோபி பிரயண்ட் வேறு மாதிரி. அவர் ஒளிக்கவில்லை. நடை, பேச்சு, பின்சாய்ந்து வீசும் வீச்சு என்று ஒவ்வொன்றாக எடுத்தார், எடுத்ததை ஒப்புக்கொண்டார். 2020 பிப்ரவரியில் கோபியின் நினைவுக் கூட்டத்தில் ஜோர்டான் அழுதுகொண்டே பேசினார். நள்ளிரவு தாண்டி கோபி தொலைபேசியில் அழைப்பாராம், கால் எப்படி வைப்பது, முக்கோண முறையில் எங்கே நிற்பது என்று கேட்பாராம். முதலில் எரிச்சலாக இருந்ததாம். பிறகு தம்பியாகிவிட்டாராம். இதில் எனக்குப் பிடித்தது, கோபி சிலையைக் கும்பிடவில்லை, தொலைபேசியை எடுத்தார் என்பது. ஜோர்டானிடமிருந்து தெரிந்துகொள்ள ஏதோ இருந்தது, கேட்டார். ஐந்து பட்டங்கள், ஒரே ஆட்டத்தில் 81 புள்ளிகள். ஆனாலும் என் வயதுக்காரர்கள் அவரை 'நகல்' என்றார்கள். நகலெடுத்தால் நகல் என்பது, எடுக்காவிட்டால் ஜோர்டான் மாதிரி இல்லையே என்பது. எந்தப் பக்கம் போனாலும் அடி.

நகலெடுக்காதவர் லெப்ரோன். 2002இல் பதினேழு வயதில் ஒரு விளையாட்டு இதழ் அவரை அட்டையில் போட்டு, தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்று எழுதியது. பையன் 23ஆம் எண் சட்டையையும் போட்டுக்கொண்டான். நாங்களும் நம்பினோம். பிறகு பார்த்தால், கடைசி விநாடியில் இரண்டு பேர் சூழ்ந்தால் காலியாக நிற்பவனுக்குப் பந்தைக் கொடுக்கிறான். "ஜோர்டானா இருந்தா தானே போட்டிருப்பாரு" என்று கத்தினோம். பேக்ஸனை மறந்துவிட்டோம், கெர்ரை மறந்துவிட்டோம். ஜோர்டான் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட ஒன்றை இவன் பிறவியிலேயே கொண்டு வந்ததுதான் குற்றம். 2011இல் டாலஸுக்கு எதிரான தொடரில் அவர் காணாமல் போனது உண்மை. அதற்கு மன்னிப்பு இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு நான் ஐந்து வருடம் ஓட்டினேன்.

2016 ஜூன் 20, திங்கட்கிழமை காலை. எங்கள் நேரம். கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக ஏழாவது ஆட்டம். மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கிய நிலையிலிருந்து கிளீவ்லாண்ட் தொடரைச் சமன் செய்து வந்திருந்தது. நான் மெடிக்கல் லீவு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது லெப்ரோன் தோற்பதைப் பார்க்க. கடைசி இரண்டு நிமிடத்துக்குள், இகுவாடாலா கூடையை நோக்கி ஓடுகிறார். எங்கிருந்தோ லெப்ரோன் வந்து பந்தைப் பலகையோடு சேர்த்து அறைகிறார். நான் "ச்சே" என்று சொன்னேன். மனித உடம்பு செய்யக்கூடிய ஆக அழகான காரியங்களில் ஒன்றை நேரலையில் பார்த்துவிட்டு, என் வாயிலிருந்து வந்தது "ச்சே". அந்தத் தொடரில் இரு அணிகளிலும் சேர்த்துப் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், பந்துப் பறிப்பு, தடுப்பு ஐந்திலும் அவரே முதலிடம். அதை நான் சில ஆண்டுகள் கழித்து, யூடியூபில், தனியாக உட்கார்ந்து பார்த்துத்தான் ரசித்தேன். என் வாதம் என்னிடமிருந்து திருடிக்கொண்டது அந்தக் காலையை.

இன்னொரு வேடிக்கை. அன்று தோற்ற அணி அந்தப் பருவத்தில் 73 ஆட்டங்களில் வென்ற அணி. ஜோர்டானின் சிகாகோ 1995–96இல் வைத்திருந்த 72 வெற்றிச் சாதனையை உடைத்த அணி. அதன் பயிற்றுநர் யார்? ஸ்டீவ் கெர். ஜோர்டானிடம் முகத்தில் குத்து வாங்கிய அதே கெர். ஸ்டீஃபன் கர்ரி என்ற ஒல்லியான ஆளை நடுவில் வைத்து, பந்தை யாரிடமும் தங்கவிடாமல், முக்கோண முறையிலிருந்து கொஞ்சம், சான் அந்தோனியோவில் கற்றது கொஞ்சம் என்று கலந்து ஆடவைத்தார். கர்ரி அந்த ஒரு பருவத்தில் மட்டும் 402 மூன்று புள்ளி வீச்சுகள் போட்டார். ஜோர்டான் தன் வாழ்நாள் முழுவதும் போட்டது 581. இருவருக்கும் ஆட்டத்தில் ஒற்றுமை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. கர்ரிக்கு ஜோர்டானின் வாரிசு என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அதனாலோ என்னவோ உருப்பட்டார்.

சிகாகோவின் சொத்து ஒன்று கைமாறியிருந்தால் அது இந்த வழியாகத்தான் மாறியது. குத்து வாங்கியவர் வழியாக, பயிற்சிப் பலகையில் கோடு கிழித்த கிழவர் டெக்ஸ் விண்டர் வழியாக. உயரமாகக் குதிப்பவனையும் மொட்டைத் தலையையும் தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு அது தெரியவே இல்லை.

வாரிசு தேடுகிறவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். ஜோர்டானே ஒருவரிடமிருந்து வந்தவர்தான். 'ஹால் ஆஃப் ஃபேம்' மேடையில் தன்னை அறிமுகப்படுத்த அவர் அழைத்தது தன் பயிற்றுநரையோ பிப்பனையோ கிடையாது. டேவிட் தாம்ஸன். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக எழுபதுகளில் பறந்தவர். 1978இல் என்.பி.ஏ. பருவத்தின் கடைசி நாளில் 73 புள்ளிகள் எடுத்தும், அன்றே இன்னொருவர் 63 எடுத்ததால் அந்தப் பருவத்தின் புள்ளி முதலிடத்தை மயிரிழையில் இழந்தவர். போதையும் முழங்கால் காயமும் அவர் ஆட்ட வாழ்க்கையை முடித்துவிட்டன. அவருக்கு ஒரு மோதிரமும் இல்லை; எங்கள் கணக்கில் பூச்சியம். ஆனால் வில்மிங்டனில் வளர்ந்த சிறுவனுக்கு அவர்தான் எல்லாம். வாழ்நாள் முழுக்க பழைய பகையை மறக்காத ஒரு மனிதர், கிடைத்த மிகப் பெரிய மேடையில் நன்றியை யாருக்கு வைத்திருந்தார் பாருங்கள். அந்த உரையில் எல்லாரும் அவருடைய வன்மத்தைத்தான் பேசினார்கள். தாம்ஸன் பக்கத்தில் நின்றதை யாரும் பேசவில்லை. நானும் அப்போது கவனிக்கவில்லை.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் வரவேற்பறையில் கைப்பேசியோடு கிடந்தான். சமாதானமாகப் போகலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து, 1986 ஏப்ரல் 20 பாஸ்டன் ஆட்டத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஜோர்டானுக்கு அது இரண்டாவது பருவம். கால் எலும்பு முறிந்து பருவத்தின் பெரும்பகுதி ஆடவில்லை. சிகாகோ அந்தப் பருவத்தில் 30 ஆட்டம் ஜெயித்து 52 தோற்ற அணி. எதிரே லேரி பேர்ட், மெக்ஹேல், பாரிஷ், அந்த ஆண்டு பட்டம் வென்ற பாஸ்டன். படம் மங்கல், கால்சட்டை குட்டை. முதலில் சிரித்தான். பத்து நிமிடம் கழித்துப் பேச்சில்லை. சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். பேர்ட் முன்னால் நிற்கிறார், பந்து காலுக்கிடையே போகிறது, வருகிறது, திரும்பப் போகிறது, அப்படியே எழும்பி வீச்சு. "மாமா, இத இன்னொரு தடவ போடுங்க."

நேரம் முடிந்து, அதற்கும் மேல் இரண்டு கூடுதல் நேரம்.

"எத்தன புள்ளி மாமா?"

"அறுவத்து மூனு."

"அப்ப ஜெயிச்சிட்டாங்களா?"

"இல்லடா. தோத்துட்டாங்க. தொடரும் மூனுக்கு பூச்சியம்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கைப்பேசியைக் கையில் வாங்கி, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான். அக்கா சாப்பிடக் கூப்பிட்டது இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.